செயலியில் வயல் வேலையைப் பதிவது எப்படி? தேதியை மட்டும் நம்பினால் யூரியா தண்ணீரோடு போகும்

போன ஐப்பசியில் மதுராந்தகம் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி தன் மகனோடு என்னைப் பார்க்க வந்தார். மகனுக்கு அடையாறில் வீடு, தரமணியில் மென்பொருள் வேலை. ஊரில் அப்பா பார்க்கும் மூன்றரை ஏக்கர் சம்பா நெல்லுக்கு நாற்று விட்ட அன்றே, கைப்பேசியில் ஒரு பண்ணை மேலாண்மைச் செயலியை இறக்கி, நடவிலிருந்து அறுவடை வரை எல்லா வேலைக்கும் தேதி போட்டு வைத்துவிட்டார்.

நடவுக்கு ஆள் கிடைக்காமல் எட்டு நாள் தள்ளிப் போனது. செயலிக்கு அது தெரியாது. மேலுரத் தேதி வந்ததும் திரையில் சிவப்பு எழுத்தில் ‘தாமதம்’ என்று காட்டிவிட்டது. அப்பா அன்று ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். மகன் சென்னையிலிருந்து வேலையாளுக்குப் போன் போட்டார், அவரும் இரண்டு மூட்டை யூரியாவை வீசிவிட்டார். அன்று இரவே கனமழை பெய்து வரப்பு வழிந்து ஓடியது. நட்ட பயிர் வேர் பிடித்து, தூர் கட்டும் நிலைக்கு அப்போது வரவே இல்லை.

"மேடம், இந்தச் செயலியை வைத்துக்கொள்ளலாமா, தூக்கிப் போட்டுவிடலாமா?" என்றுதான் இருவரும் கேட்டார்கள். ஆளுக்கொரு பதில் எதிர்பார்த்து வந்தது முகத்திலேயே தெரிந்தது.

இந்தக் கேள்வி இப்போது நிறையப் பேரிடமிருந்து வருகிறது. மயிலாப்பூரிலும் தி.நகரிலும் அடையாறிலும் குடியிருந்துகொண்டு, செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் நிலம் வைத்திருப்பவர்கள் ஏராளம். பட்டியல் சென்னையில் எழுதப்படுகிறது, வேலை ஊரில் நடக்கிறது. அதுபோக அரசும் இதே திசையில்தான் போகிறது. 2024 செப்டம்பர் 2-ஆம் தேதி மத்திய அமைச்சரவை 2,817 கோடி ரூபாயில் டிஜிட்டல் வேளாண் இயக்கத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. விவசாயிகள் பதிவேடு, கிராம நில வரைபடம், விதைத்த பயிர்ப் பதிவேடு ஆகிய மூன்றும் அதன் அடித்தளம். 11 கோடி விவசாயிகளுக்கு அடையாள எண் கொடுப்பது இலக்கு. நம் ஊர்களில் 2025-இல் முகாம் போட்டு ஆதாரையும் பட்டாவையும் கேட்டது இதற்காகத்தான். அதற்கு முன்பே, 2024 நவம்பரில், கிராம நிர்வாக அலுவலர்கள் கூடுதல் பணி என்று எதிர்த்த நிலையில், வேளாண் கல்லூரி மாணவர்கள் வயலில் இறங்கி டிஜிட்டல் பயிர்க் கணக்கெடுப்பு நடத்தினார்கள். மாணவர்களை அனுப்பியது சரியா என்பதில் எனக்கும் ஒரு கருத்து உண்டு, அது வேறு கட்டுரைக்கு.

இங்கே நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்தக் கணக்கெடுப்பு உங்கள் புல எண்ணில் என்ன பயிர் நிற்கிறது என்று பதியும். என்றைக்கு நட்டீர்கள், என்ன உரம் எவ்வளவு போட்டீர்கள், எத்தனை ஆள் கூலி கொடுத்தீர்கள், எந்த மழையில் எது போனது என்று அதில் இருக்காது. அதை எழுதி வைக்க உங்களைத் தவிர வேறு ஆள் இல்லை. அதனால் செயலியைத் தூக்கிப் போட வேண்டாம் என்பதே என் பதில். ஆனால் பதியும் முறையை மாற்ற வேண்டும்.

முதலில் நிலத்தைப் பதியுங்கள். 'பிளாட் 1, பிளாட் 2' என்று வைத்தால் ஊரில் யாருக்கும் புரியாது. ‘கிணற்றுமேட்டுத் துண்டு’, ‘ஏரிக்கரை ஒன்றரைக் காணி’ என்று நீங்கள் கூப்பிடும் பெயரையே வையுங்கள். குறிப்புப் பகுதியில் புல எண்ணையும் உட்பிரிவையும் எழுதுங்கள். அரசுப் பதிவு முழுக்க அந்த எண்ணில்தான் ஓடுகிறது. நாளைக்கு இரண்டையும் ஒப்பிட வேண்டி வந்தால் அது கைகொடுக்கும். தண்ணீர் வேறு வேறாகப் பாயும் துண்டுகளைத் தனித்தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது தேதி. பெரும்பாலான செயலிகள் ஒரு வேலையைத் தேதியோடுதான் கேட்கும். சிலவற்றில் ‘நடவிலிருந்து இத்தனையாவது நாள்’ என்று கொடுக்க வசதி உண்டு. இருந்தால் அதையே எடுங்கள். இல்லையென்றால், நடவு முடிந்த அன்று மாலை வரை அதற்குப் பிந்தைய எந்த வேலைக்கும் தேதி போடாதீர்கள். நட்ட பிறகு உட்கார்ந்து பத்து நிமிடத்தில் போட்டுவிடலாம்.

அதிலும் மேலுரத்தை ஒரு வேலையாகப் பதியக் கூடாது என்பது என் கருத்து. அதை இரண்டாகப் பிரியுங்கள். முதல் வேலை, பார்ப்பது. நட்ட 14-ஆம் நாளிலிருந்து கதிர் வரும்வரை வாரம் ஒரு முறை இலை வண்ண அட்டையோடு வயலில் இறங்கிப் பத்துச் செடிகளைப் பாருங்கள். ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட செடிகளில் நிறம் 4-க்குக் கீழே (வெள்ளைப் பொன்னி என்றால் 3-க்குக் கீழே) இருந்தால்தான் இரண்டாவது வேலை பிறக்கிறது: மழைக்காலப் பயிருக்கு எக்டருக்கு 30 கிலோ தழைச்சத்து, அதாவது ஏக்கருக்குச் சுமார் 26 கிலோ யூரியா. முதல் வேலையை மட்டும் செயலியில் வாராவாரம் வரும்படி வையுங்கள். இரண்டாவதைப் பார்த்துவிட்டு வந்து கையால் சேருங்கள். மதுராந்தகக்காரர் இப்படிப் பதிந்திருந்தால், அன்று திரையில் ‘போடு’ என்று வந்திருக்காது, ‘பார்’ என்றுதான் வந்திருக்கும்.

அந்த இரண்டாவது வேலையின் குறிப்பில் நிபந்தனையையும் எழுதுங்கள்: ‘மழை அறிவிப்பு இருந்தால் தள்ளிப் போடு. வயலில் தண்ணீரை வடித்துவிட்டுப் போடு.’ வானிலை ஆய்வு மையத்தின் வேளாண் ஆலோசனை அறிக்கை செவ்வாயும் வெள்ளியும் வெளிவருகிறது. மாவட்ட வாரியாக அடுத்த ஐந்து நாள் மழை அதில் இருக்கும். மேகதூத் செயலியிலும் பார்க்கலாம். வாரத்துக்கு இரண்டு முறை, அந்த இரண்டு நாளில், ‘மழை பார்த்து வேலையைத் தள்ளு’ என்று ஒரு நிரந்தர வேலை வையுங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இந்த ஒரு வரி உங்களைப் பலமுறை காப்பாற்றும்.

இன்னொரு சிக்கல் உண்டு. செயலிகளில் செய்ய வேண்டியதைப் பதியத்தான் இடம் இருக்கிறது, செய்யக் கூடாததைப் பதிய இடமில்லை. நட்ட மூன்றாம் நாள் களை முளைக்கும் முன் அடிக்கும் களைக்கொல்லிக்கு வயலில் 2.5 செ.மீ. அளவு மெல்லிய நீர் நிற்க வேண்டும். அடுத்த இரண்டு நாள் தண்ணீரை வடிக்கவும் கூடாது, புதிதாகப் பாய்ச்சவும் கூடாது. அடித்தவர் ஒருவர், மறுநாள் மோட்டார் போடுபவர் இன்னொருவர். ‘மடையைத் தொடாதே’ என்பதையே இரண்டு நாளைக்கு ஒரு வேலையாக, மோட்டார் போடுபவர் பெயரில் பதிந்துவிடுங்கள். சிரிப்பாக இருக்கலாம், ஆனால் களைக்கொல்லி வேலை செய்யவில்லை என்று என்னிடம் வரும் புகார்களில் பாதி மடைப் புகார்தான்.

அளவையும் வேலையாளின் அளவில் எழுதுங்கள். எக்டருக்கு இத்தனை மி.லி. என்று எழுதினால் தெளிப்பவருக்கு என்ன புரியும்? ஒரு டேங்குக்கு எவ்வளவு, இந்தத் துண்டுக்கு எத்தனை டேங்க் என்று எழுதுங்கள்.

இனி, வேலை ஆளிடம் எப்படிப் போய்ச் சேருகிறது என்பது. களை எடுக்க வரும் அக்காமார்களிடம் இந்தச் செயலி இருக்காது, இருக்க வேண்டியதும் இல்லை. தரமணியில் உள்ள எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் புதுச்சேரி கிராமங்களில் கணினியோடு தகவல் மையங்களைத் தொடங்கியபோது, வீராம்பட்டினம் மீனவர்களுக்கு அலை உயரத் தகவலைக் கணினியில் இறக்கி, ஒலிபெருக்கியில்தான் சொன்னார்கள். 2004 சுனாமியன்று நல்லவாடு கிராமத்தில், சிங்கப்பூரிலிருந்து வந்த தொலைபேசி எச்சரிக்கையை அந்த ஒலிபெருக்கியில் அறிவித்து மக்களை வெளியேற்றினார்கள். கணினி ஒரே இடத்தில் இருந்தது, குரல் எல்லோருக்கும் போனது. உங்கள் பண்ணையிலும் ஒருவர் மட்டும் செயலியைக் கையாளட்டும். முதல் நாள் மாலையே மறுநாள் வேலையைக் குரல் பதிவாக வாட்ஸ்அப்பில் அனுப்பட்டும், அல்லது நேரில் சொல்லட்டும். ‘முடிந்தது’ என்று பதியும் உரிமை வயலில் நிற்பவரிடம் இருக்கட்டும். சென்னையிலிருந்து ‘முடிந்தது’ என்று தட்டக் கூடாது. மகனிடம் நான் கண்டிப்பாகச் சொன்னது இதைத்தான். அப்பா அதற்குத் தலையாட்டிய வேகம் இருக்கிறதே!

முடித்த வேலையில் நாள், அளவு, ஆள் எண்ணிக்கை, கூலி, ஒரு புகைப்படம் ஆகிய ஐந்தும் இருந்தால் போதும். பயிர்க் காப்பீட்டில் உள்ளூர்ப் பேரிடர் இழப்பை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். உங்கள் மாவட்ட அறிவிக்கையில் அறுவடைக்குப் பிந்தைய இழப்பு சேர்ந்திருந்தால், அறுத்து வயலில் காயப்போட்ட பயிருக்கு 14 நாள் வரைதான் கணக்கு. அறுத்த நாள் எது என்று கேட்கும்போது வாயால் சொல்வதைவிடப் படத்தோடு காட்டுவது நல்லது.

குத்தகைக்குப் பயிர் செய்பவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும் என்பேன். அடையாள எண் பட்டாவை ஒட்டியே கொடுக்கப்படுகிறது, பட்டா நிலத்துக்காரர் பெயரில் இருக்கிறது. உழைப்பவர் பெயர் அந்தப் பதிவேட்டில் வரவில்லை. செயலிப் பதிவு சட்டப்படி அடங்கலுக்கு ஈடாகாது. ஆனால் அடங்கல் கேட்டுக் கிராம நிர்வாக அலுவலரிடம் போகும்போதும், நிலத்துக்காரரோடு கணக்குப் பார்க்கும்போதும், மூன்று போகத்து வேலைக் கணக்கு கையில் இருப்பது வெறுங்கையோடு நிற்பது போல் ஆகாது.

எந்தச் செயலி என்று கேட்பீர்கள். லைட்ஃபார்ம், ஃபார்ம்ஓஎஸ் இரண்டும் திறந்த மூல மென்பொருள்கள். லைட்ஃபார்மை விலை இல்லாமல் பயன்படுத்தலாம். ஃபார்ம்ஓஎஸ்ஸை நிறுவக் கணினி தெரிந்த பிள்ளை ஒருவர் வேண்டும். கட்டணச் செயலி என்றால் முதல் போகத்துக்கே பணம் கட்டாதீர்கள். விற்க வருபவரிடம், ‘நான் விலகினால் என் பதிவுகளை எக்செல் கோப்பாக எடுத்துக்கொள்ளலாமா? என் பதிவுகளை யாருக்குக் கொடுப்பீர்கள்?’ என்று இரண்டு கேள்வி கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

மதுராந்தகக்காரர்கள் கிணற்றுமேட்டுத் துண்டு ஒன்றை மட்டும் வைத்து நவரைக்கு இப்படிப் பதிந்து பார்க்கிறார்கள். நீங்களும் ஒரே ஒரு துண்டில் ஆரம்பியுங்கள், மற்றத் துண்டுகளுக்கு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும்.