வீட்டுக் கணக்கு: புறவாசல் தளத்தை நீட்டின கதை

ஆடி மாதச் சாரலில் எங்கள் மாமியார் புறவாசலில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை ஒடித்துக் கொண்டார் என்று முன்பு எழுதியிருந்தேன். "இப்போது எப்படி இருக்கிறார்கள்?" என்று கேட்ட சகோதரிகளுக்கு முதலில் பதில். கட்டுப் பிரித்து, கை தேறி, தேங்காய் துருவ ஆரம்பித்துவிட்டார். இந்த முறை எழுதப் போவது, அவர் விழுந்த இடத்துக்குச் சிமெண்டுத் தளம் போட்ட கணக்கு. வேலை நடந்தது 2025 மாசியில். நோட்டு இன்னும் என் கையில் இருக்கிறது.

எங்கள் ஊர் பத்மநாபபுரத்துக்கு ஆனி ஆடிச் சாரலும் உண்டு, ஐப்பசி கார்த்திகை மழையும் உண்டு. அடுக்களைக்கு வெளியே பத்தடிக்குத்தான் பழைய தளம். அதைத் தாண்டினால் கிணறு வரை மண். வருஷத்தில் பாதி நாள் பாசி பிடித்துக் கிடக்கும். துணி காயப் போட, குடம் எடுக்க, எல்லாவற்றுக்கும் அதில்தான் நடக்க வேண்டும்.

சீட்டுப் பணம் இருபதாயிரம் கையில் வந்திருந்தது. மகளுக்கு ஒரு சின்ன வளையல் என்று நினைத்து வைத்திருந்த பணம். எடுக்க மனசு வரவில்லைதான். ஆனால் மாமியாரைத் திரும்ப ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக் கொண்டு ஓட என்னால் முடியாது.

எங்கள் வீட்டுக்காரர், "போடுறதுதான் போடுறோம், ஒரேயடியா கெணறு வரைக்கும் போட்டிருவோம்" என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. முற்றம் முழுக்கச் சிமெண்டு பூசினால் மழைவெள்ளம் எல்லாம் ரோட்டுக்குப் போகும், கிணற்றுக்கு என்ன கிடைக்கும்? 2003-லேயே தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைச் சட்டமாக்கினார்கள். ஒரு பக்கம் குழாய் வைத்து இறக்கிவிட்டு, மறு பக்கம் மண்ணை மூடுவது என்ன நியாயம்? இரண்டு நாள் பேச்சு வார்த்தை இல்லை. கடைசியில் பன்னிரண்டடி அகலம், பதினைந்தடி நீளம் என்று முடிவாயிற்று. கிணற்றைச் சுற்றியும் பிலாவு மூட்டிலும் மண் அப்படியே.

முதலில் வந்த கான்ட்ராக்டர், "எக்கா, சாமானும் கூலியும் சேத்து ஸ்கொயர் ஃபீட்டுக்கு நூத்தியெண்பது தாருங்க" என்றார். 180 சதுர அடிக்கு 32,400 ரூபாய்! அடுத்து வந்த கொத்தனார் தினக்கூலிக்கு ஒத்துக் கொண்டார். ஆனால் கான்கிரீட்டுக்கு மட்டும் இருபது மூட்டை சிமெண்டு வேண்டும் என்றார். எனக்குச் சந்தேகம். பள்ளிக்கூடத்தில் படித்த கணக்கு எதற்கு இருக்கிறது?

நான்கு அங்குலக் கனம் என்பது ஓர் அடியில் மூன்றில் ஒரு பங்கு. ஆகவே 180 சதுர அடிக்கு 60 கன அடி கான்கிரீட். ஒன்றுக்கு இரண்டு மணல், நான்கு ஜல்லி என்ற கலவையில் 100 கன அடிக்குச் சுமார் 18 மூட்டை சிமெண்டு, 44 கன அடி மணல், 88 கன அடி ஜல்லி பிடிக்கும். அப்படியானால் 60-க்குப் பதினொரு மூட்டை. கொத்தனாரிடம் சொன்னேன். "ஆறு அங்குலம் போட்டா நல்லதில்லையா எக்கா?" என்றார். ஆறு அங்குலம் என்றாலும் பதினாறுதானே! எங்கள் புறவாசலில் லாரியா ஏறப் போகிறது? மேல்பூச்சுக்கு மூன்று மூட்டை சேர்த்துப் பதினான்கு வாங்கினோம்.

மூட்டை வாங்கும்போது அதில் அச்சடித்திருக்கும் தயாரிப்பு வாரத்தைப் பாருங்கள். மூன்று மாதத்துக்கு மேல் கிடந்தது வேண்டாம். எம் சாண்ட் என்று சொல்லி கிரஷர் பொடியைக் கொட்டிவிட்டுப் போவார்கள், அதையும் கையில் அள்ளிப் பார்க்க வேண்டும்.

இனி செலவு. சிமெண்டு மூட்டை 380 வீதம் 5,320. எம் சாண்ட் 40 கன அடி 2,600. ஜல்லி 55 கன அடி 2,750. டெம்போ வாடகை 1,500. கூலி, கொத்தனாருக்கு மூன்று ஆள் கணக்கு 1,200 வீதம் 3,600, கையாளுக்கு ஏழு ஆள் கணக்கு 900 வீதம் 6,300. வெயிலில் ஜல்லி சுமக்கிறவர்களைப் பார்த்த பிறகு கூலியைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சாயா, பழம்பொரி 640. வெள்ளம் போகும் குழாய் 890. ஆக 23,600. அடியில் போட்ட செங்கல் துண்டு மட்டும் பழைய அங்கணத்தை இடித்தது, காசு இல்லை.

சீட்டுப் பணத்துக்கு மேல் விழுந்த 3,600-க்கு வீட்டுக் கொடியில் பறித்து உலர்த்திய நல்லமிளகு ஆறு கிலோவை விற்றேன்.

அப்போது சிமெண்டுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகிவிட்டது. இப்போது வாங்குகிறவர்கள் பில் கேட்டு வாங்குங்கள், குறைந்த வரிதான் போட்டிருக்கிறதா என்று பார்த்துக் கொள்ளலாம்.

பழைய தளத்தோடு புதியதை ஒட்டிப் போடக் கூடாது, நடுவில் அரை அங்குலம் இடைவெளி விட்டுத் தெர்மோகோல் பட்டை வைக்க வேண்டும். இரண்டும் ஒரே மாதிரி அமராது, ஒட்டினால் கீறல் விழும். பதினைந்தடிக்கு இரண்டு அங்குலம் சரிவு என்று படித்துப் படித்துச் சொல்லியும் ஓரிடத்தில் ஏமாந்தோம். மேல்பூச்சுக்கு முன்னால் ஒரு குடம் வெள்ளத்தைக் கவிழ்த்துப் பார்த்தேன். பழைய தளத்து ஓரத்தில் சாண் அகலத்துக்குக் குளம் கட்டி நின்றது! கொத்தனார் முகம் சிவந்தது. "அது காய்ஞ்சிரும் எக்கா" என்றார். நான் அசையவில்லை. பூச்சிலேயே அந்தப் பள்ளத்தை நிரப்பிச் சரிவைச் சரிப்படுத்தினார். பூசி உலர்ந்த பிறகு பார்த்திருந்தால் உடைப்பதைத் தவிர வழியில்லை.

மேல்பூச்சில் இன்னொரு சண்டை. "அரண்மனைத் தரை மாதிரி மினுக்கித் தரேன்" என்றார் அவர். எங்கள் ஊர் அரண்மனையைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கறுப்புத் தரை தெரியும். கருக்கிய சிரட்டை, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக் கரு எல்லாம் சேர்த்துச் செய்தது என்று அங்கே சொல்வார்கள். 1795-ல் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போன பிறகும் இன்றுவரை முகம் பார்க்கலாம் போல் இருக்கிறது. ஆனால் அது கூரைக்கு அடியில் இருக்கிற தரை. மழையில் நனையும் புறவாசலுக்கு மினுக்கம் எதற்கு? ஈரப் பூச்சின் மேல் ஈர்க்குத் துடைப்பத்தால் குறுக்காக வரி இழுக்கச் சொன்னேன். வழுக்காது.

மண் வரம்பு கட்டிப் பத்து நாள் வெள்ளம் நிறுத்தினோம். சாம்பல் கலந்த சிமெண்டுக்கு ஏழு நாள் போதாது.

வெள்ளத்தை வடித்த அன்று மாமியார் செருப்பில்லாமல் கிணறு வரை நடந்து பார்த்தார். "கொள்ளாம் மக்ளே, காலு பிடிக்குது" என்றவர், திரும்பி வந்து, "இந்த வரியில நல்லமிளகு உலத்தினா எல்லாம் இடுக்குல போயிருமே" என்றார். அது உண்மைதான். பாயை விரித்துத்தான் போடுகிறோம்.