மேடையில் வணக்கம், வீதியில் வசை!

"கூத்தாடிச்சியைப் பார்க்கவா இவ்வளவு தூரம் போகிறீர்கள்?"

வில்லியனூர் ரயில் நிலையத்திலே, விழுப்புரம் வண்டிக்காகக் காத்திருந்த நம்மைப் பார்த்து ஒரு பெரியவர் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பிலே ஆயிரம் ஆண்டு அழுக்கு இருந்தது.

நாம் ஐவர். பாகூரிலிருந்து மூவர், கரிக்கலாம்பாக்கம், ஏம்பலம், மங்கலம் வழியாக இருசக்கர வண்டிகளில் வந்து சேர்ந்தனர். வில்லியனூரார் இருவர். ஆசிரியர் இருவர், ஆலைத் தொழிலாளி ஒருவர், உழவர் வீட்டுப் பிள்ளை ஒருவர், கல்லூரி மாணவர் ஒருவர். ஐவரும் பகுத்தறிவுப் பாசறையில் பயின்றவர்கள் என்று மார்தட்டிக் கொள்பவர்கள். ஓராண்டுக் காலமாக ஒரு நாடக நடிகையின் குரலைக் கைபேசியிலே கேட்டுக் கேட்டு மயங்கியவர்கள். புதுக்கோட்டைச் சீமையின் சிற்றூர் ஒன்றில் அவர் வள்ளியாக நடிக்கிறார் என்று செய்தி வந்தது. புறப்பட்டோம். விழுப்புரம், திருச்சி, புதுக்கோட்டை என்று வண்டி மாறி வண்டி ஏறி, இருட்டும் வேளைக்கு அவ்வூரை அடைந்தோம்.

நாடகம் 'வள்ளி திருமணம்'. எழுதியவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1922 நவம்பர் 13-ஆம் நாள் அவர் கண்மூடியது நம் புதுவையிலேதான். கருவடிக்குப்பத்திலே இருக்கிறது அவரது நினைவிடம். அவர் தந்த பாட்டையும் உரையாடலையும் வைத்துக்கொண்டு, மதுரை, புதுக்கோட்டை வட்டாரங்களிலே இன்றும் இரவு முழுவதும் நாடகம் நடக்கிறது. 'ஸ்பெஷல் நாடகம்' என்பது அதற்கு ஊரார் வைத்த பெயர்.

அந்தக் கலையின் கடினத்தை எண்ணிப் பாருங்கள், தோழர்களே! ஒத்திகை கிடையாது. இயக்குநர் கிடையாது. நாரதர் ஓர் ஊர், முருகன் வேறோர் ஊர், வள்ளி மற்றோர் ஊர், ஆர்மோனியக்காரர் நான்காவது ஊர். அன்றிரவு மேடையிலேதான் அவர்கள் ஒன்று சேருகிறார்கள். நாரதர் வேடதாரி என்ன கேட்பார் என்பது வள்ளிக்குத் தெரியாது. ஆயினும் தர்க்கம் தொடங்கிவிட்டால் கேள்விக்குப் பதில், பதிலுக்குப் பாட்டு, பாட்டுக்கு எதிர்ப்பாட்டு என்று மணிக்கணக்கிலே சொற்போர் நடக்கும். தடுமாறினால் ஊர் சிரிக்கும். தயங்கினால் அடுத்த அழைப்பு வராது.

அந்த அம்மையார் தடுமாறவில்லை. நாரதர் இலக்கணத்திலே மடக்கினார். அவர் இலக்கணத்திலேயே விடை தந்தார். "பெண்ணுக்கு ஏன் இவ்வளவு வாய்?" என்று நாரதர் கேலி பேசியபோது, "வாய் இருப்பதால்தான் கேட்கிறேன், காது இருந்தால் பதில் சொல்லும்" என்றார். பந்தல் அதிர்ந்தது. நாம் எழுந்து நின்று கைதட்டினோம். கல்லூரியிலே பட்டம் பெற்ற நாம், பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட அந்தப் பெண்ணின் சொல்லாற்றலுக்கு முன் மாணவராக நின்றோம்.

பொழுது விடிந்தது. நாடகம் முடிந்தது. நம் நாடகம் அப்போதுதான் தொடங்கியது.

பேருந்து நிறுத்தத்திலே அவரைக் கண்டோம். அரிதாரம் கலைத்த முகம். சாயம் போன கைத்தறிச் சேலையை இழுத்துப் போர்த்தியிருந்தார். கையிலே ஒரு தகரப் பெட்டி. இரவெல்லாம் ஊரே அண்ணாந்து பார்த்த வள்ளி, யார் கண்ணிலும் படக்கூடாது என்பதுபோல ஒரு தூணோரம் ஒதுங்கி நின்றார். தேநீர்க் கடையிலே நின்றிருந்த ஒருவன் குரல் கொடுத்தான்: "என்ன வள்ளி, ராத்திரி கிழவனோட ஆட்டம், பகல்ல யாரோட?"

கூட்டம் சிரித்தது. அது நம்மைச் சுடவில்லை. நம் ஐவரில் ஒருவர் சிரித்தார், அதுதான் சுட்டது. மற்ற நால்வர்? வாய் மூடி நின்றோம். மேடையிலே வள்ளியின் வாய்க்குக் கைதட்டிய நாம், வீதியிலே நம் வாயை எங்கே தொலைத்தோம்?

அம்மையார் கோபப்படவில்லை. பழகிய காது போலும்! அருகே சென்று வணங்கினோம். "எந்த ஊரு தம்பி? பாண்டிச்சேரியா! அம்புட்டுத் தூரத்துல இருந்தா வந்தீக?" என்று வியந்தார். என்ன வேலை என்று கேட்டார். ஆசிரியர் என்றதும் அவர் முகம் மாறியது. மெல்லச் சொன்னார்: "எம் மகளும் எட்டாவது படிக்கிறா தம்பி. அம்மா என்ன செய்றாகன்னு பள்ளிக்கூடத்துல கேட்டா, ஜவுளிக்கடையில வேலைன்னு சொல்லச் சொல்லியிருக்கேன். நாடகம்னு சொன்னா பிள்ளைகள் பக்கத்துல உக்கார மாட்டேங்குதுக."

பேருந்து வந்தது; அவர் போய்விட்டார். நாம் நின்ற இடத்திலேயே நின்றோம்.

தோழர்களே! மகளைப் பொய் சொல்லப் பழக்கும்படி அந்தத் தாயைத் தள்ளியது எது? திருட்டுத் தொழிலா அவர் செய்கிறார்? கள்ளக் கணக்கா எழுதுகிறார்? இரவெல்லாம் தொண்டை கிழியத் தமிழ் பாடிப் பிழைக்கிறார். அதை மறைக்க வேண்டியிருக்கிறது! கலை வேண்டுமாம், கலைஞர் வேண்டாமாம். பாட்டு இனிக்குமாம், பாடியவள் கசப்பாளாம். இது எந்த ஊர் நியாயம்?

"அந்த நாடகங்களிலே ஆபாசம் இல்லையா?" என்று கேட்கும் அன்பர் உண்டு. உண்டு, மறுக்கவில்லை. இரட்டைப் பொருள் பேச்சு உண்டு. ஆனால் அதைக் கேட்டு விசில் அடிப்பது யார்? அது இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு அழைக்கமாட்டோம் என்று சொல்வது யார்? பேசுபவர்களிலே ஆணும் உண்டே! ஆண் பேசினால் அது நகைச்சுவை. பெண் பேசினால் அது நடத்தை! இரண்டு தராசு வைத்துக்கொண்டு ஒழுக்கம் நிறுப்பவரின் ஒழுக்கத்தை எந்தத் தராசிலே நிறுப்பது?

"புராணக் குப்பையைப் பார்க்கப் பகுத்தறிவாளர் போகலாமா?" என்று கேட்கும் தோழர்களும் உண்டு. அந்தக் கதையையே எடுத்துக்கொள்வோம். கிழவன் வேடம் பூண்டு வருகிறான் ஒருவன். இணங்காத பெண்ணை யானையைக் காட்டி அச்சுறுத்துகிறான். அவள் அலறி அடைக்கலம் புகுகிறாள். அதற்குப் பெயர் திருமணம்! செய்தவன் தெய்வம், அவனுக்குக் கோயில் உண்டு, தேர் உண்டு, திருவிழா உண்டு. அந்தக் கதையை நடித்து வயிறு கழுவுபவள் மட்டும் ஒழுக்கங்கெட்டவளாம்! கதையைச் சாடுவோம், அது நம் உரிமை. நடிப்பவளைச் சாடுவது கோழைத்தனம்.

நம் ஊருக்கு வருவோம். வில்லியனூர், பாகூர்ப் பக்கங்களிலே திரௌபதி அம்மன் விழா என்றால் தெருக்கூத்து உண்டு. துகில் உரியும் காட்சியிலே ஊர்ப்பெண்கள் கண்ணீர் வடிப்பர். திரௌபதியாக நிற்பவர் யார்? காலங்காலமாக மீசை மழித்த ஆண்மகன்! திரௌபதிக்குக் கோயில் கட்டினோம், தீ மிதித்தோம். அவள் துயரத்தை ஒரு பெண் தன் குரலில் சொல்ல மட்டும் இடம் தரவில்லை. இயலாது என்பதாலா? காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் 2002-இல் தொடங்கப்பட்ட கட்டைக்கூத்துக் குருகுலத்திலே சிறுமியரும் சிறுவரோடு சேர்ந்து பயின்றனர், வேடம் கட்டினர், மேடை ஏறினர். முடியும் என்று காட்டினர்.

பெண் வேடம் தாங்கிய ஆணுக்கு நாம் தந்த பெருமையைப் பாருங்கள். டி.கே. சண்முகம் ஔவையாராக நடித்தார், சிறப்பாக நடித்தார். 'ஔவை' என்பது அவர் பெயரோடு பட்டமாக ஒட்டிக்கொண்டது. மகிழ்ச்சி! பெண்ணே பெண்ணாக நடித்தபோது அவளுக்கு நாம் ஒட்டிய பட்டம் என்ன? வில்லியனூர் நிலையத்திலே பெரியவர் சொன்ன அந்தச் சொல்தானே!

கும்பகோணத்திலே பாலாமணி அம்மாள் என்றொரு நாடக அரசி இருந்தார். பெண்களையே கொண்டு நாடகக் குழு நடத்தினார். அவர் நாடகம் காண வருவோருக்காகத் தனி ரயில் ஓடியது. 'பாலாமணி ஸ்பெஷல்' என்று அதற்குப் பெயர். அவ்வளவு பெரிய கூட்டம் கைதட்டியதே, கடைசியிலே என்ன செய்தது? மதுரையிலே வறுமையில் வாடி மடிந்தார் அந்த அரசி. ரயில் ஏறி வந்து பார்த்தவர்கள், கஞ்சிக்கு வழியில்லாத நாளில் எட்டியும் பார்க்கவில்லை.

கே.பி. சுந்தராம்பாளை வணங்கினோமே என்பீர்கள். 1935-இல் ஒரு இலட்ச ரூபாய் ஊதியம் பெற்று நந்தனாராக நடித்தவர் அவர். சென்னை மேலவையிலே உறுப்பினராக அமர்ந்தவர். ஆனால் எப்போது கைகூப்பினோம்? 1933-இல் கணவர் கிட்டப்பா மறைந்தபின் அவர் வெள்ளுடை பூண்டார். ஆணுக்கு இணையாகக் காதல் நடிப்பதை விட்டார். அடியாராகவும் ஔவையாகவும் நின்றார். துறவியாக்கிய பிறகே ஒரு நடிகையைத் தாயென்று அழைக்க நமக்கு மனம் வந்தது. சிரித்துப் பாடும் பெண்ணை மதிக்க இன்னும் நாம் கற்கவில்லை.

இந்த இழிவுக்கு வேர் எங்கே? பெண்ணைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டி, அவள் ஆடலையும் பாடலையும் மேட்டுக்குடியின் உடைமையாக்கிய கொடுமையிலே இருக்கிறது. அந்தக் குடும்பங்களிலிருந்து நாடக மேடைக்கு வந்த பெண்கள் பலர். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் அந்தக் கொடுமையை உள்ளிருந்தே எதிர்த்துப் போராடினார். 1947-இல் சென்னை மாகாணத்திலே தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. பொட்டுக் கட்டும் வழக்கம் சட்டத்திலே ஒழிந்தது. மேடையேறும் பெண்ணைப் பொதுச்சொத்தாகப் பார்க்கும் கண் ஒழியவில்லை.

சாதியும் சேர்ந்துகொண்டது. தேசியப் பாட்டுப் பாடிச் சிறை சென்ற நடிகர் விசுவநாத தாஸ், மருத்துவர் குலத்தவர் என்பதால், அவரோடு நடிக்க நடிகையர் சிலரே மறுத்தனர். இழிவுபடுத்தப்பட்டவர் இன்னொருவரை இழிவுபடுத்தும் ஏணிப்படி இது! அவரோடு துணிந்து நடித்தார் கே.பி. ஜானகி அம்மாள், பின்னாளில், 1967-இல், மக்கள் அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பினர்.

நம் புதுவையை ஆண்ட பிரான்சும் இந்தப் பாவத்துக்கு விலக்கல்ல. 1730-இல் பாரிசிலே அத்ரியென் லெகூவ்ரர் என்ற பெரும் நடிகை இறந்தார். நடிகை என்பதற்காகவே மதகுருமார் கல்லறையில் இடம் மறுத்தனர். இரவோடு இரவாக, அடையாளமற்ற இடத்திலே புதைத்தனர். அதே ஆண்டிலே இலண்டனில் ஆன் ஓல்டுஃபீல்டு என்ற நடிகைக்கு, பெருமக்கள் துயிலும் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்திலே இடம் கிடைத்தது. வால்டேர் இரண்டையும் ஒப்பிட்டுத் தன் நாட்டாரைச் சாடினார். வால்டேரின் பெயரை மேடைதோறும் சொல்கிறோமே, அந்தக் கோபத்திலே ஒரு துளியாவது பேருந்து நிறுத்தத்திலே நமக்கு வந்ததா?

ஊர் திரும்பினோம். பள்ளியின் ஆண்டு விழாவுக்குக் கண்ணகி நாடகம். கண்ணகி வேடம் ஒரு மாணவனுக்கு என்று முன்பே முடிவாகியிருந்தது. முடிவு செய்ததும் நாமே. வகுப்பிலே கணீரென்று பேசும் மாணவி ஒருத்தி இருக்க, "பெற்றோர் ஒப்பமாட்டார்" என்று நாமே எண்ணிக்கொண்டு அவளைக் கேட்கவும் இல்லை. இம்முறை கேட்டோம். கண் மின்ன ஒப்பினாள். தந்தையிடம் சென்றோம். அவர் வீட்டுச் சுவரிலே பெரியார் படம். "பேச்சுப் போட்டிக்கு எங்கே வேண்டுமானாலும் அழைத்துப் போங்கள் சார், நாடகம் மட்டும் வேண்டாம். நாளைக்கு நாலு பேர் நாலு விதமாகப் பேசுவான்" என்றார் அந்தத் தோழர்.

படத்தைப் பார்த்தோம், அவரைப் பார்த்தோம். அவரை மட்டும் குறை சொல்ல நமக்குத் தகுதி இல்லை. அவர் அஞ்சும் அந்த நாலு பேரிலே ஒருவர், பேருந்து நிறுத்தத்திலே சிரித்த நம் தோழர். மற்ற மூவர், வாய் மூடி நின்ற நம் கூட்டம். இதை அவரிடமே சொன்னோம். நெடுநேரம் பேசாதிருந்தார். "ஒத்திகைக்கு அவள் அம்மாவும் வரட்டும்" என்றார் இறுதியில். சிறு வாசல்தான், ஆயினும் திறந்தது.

இளைஞர்களே! அரசியல் எதிரியைத் தாக்க வேறு சொல் கிடைக்காதபோது "கூத்தாடி" என்று முழங்குகிறோமே, அது எதிரியின்மேல் விழுவதில்லை. தகரப் பெட்டியோடு தூணோரம் நிற்கும் அந்தத் தாயின்மேல் விழுகிறது. அந்தச் சொல்லை இன்றே நம் மேடைகளிலிருந்து விரட்டுவோம். நாடகம் வைக்கும் ஊரிலே, நடிகையர் உடை மாற்றக் கதவுள்ள அறையும் விளக்கும் கழிப்பிடமும் கேட்போம். பேசிய ஊதியத்தை விடியுமுன் கையில் கொடுக்கச் சொல்வோம். வீடு வாடகைக்கு மறுக்கும் தெருவிலே முதல் வீட்டை நாம் தருவோம். கேலி எழும் இடத்திலே நாம் முதலில் வாய் திறப்போம். நம் தங்கை மேடையேற விரும்பினால் முன்வரிசையிலே நாம் அமர்வோம்.

கைதட்டுவது எளிது, இரு கை போதும். மதிப்பதற்கு முதுகெலும்பு வேண்டும்.

எட்டாம் வகுப்பிலே ஒரு சிறுமி தாயின் தொழிலை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். "என் அம்மா நாடக நடிகை" என்று அவள் எழுந்து நின்று சொல்லும் நாளிலே, அவள் பக்கத்து இருக்கை காலியாக இராது என்ற உறுதியை, ஆசிரியராகிய நாமும் தோழர்களாகிய நீங்களும் தந்தாக வேண்டும். அதைத் தராதவரை, நாம் கைதட்டிய ஒவ்வொரு தட்டும் அவள் தாய்க்கு நாம் பட்ட கடன்!