அபராதமும் ஆற்று நீரும்

நெசவாளருக்குச் சாயம் வேண்டும். உழவருக்கு நீர் வேண்டும். திருப்பூர்ச் சாயக் கழிவினால் நொய்யலாறு கெட்டது. பாசனத்திற்கென 1992இல் அமைந்த ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமாயிற்று. வெளியேற்றும் கழிவுநீருக்கு லிட்டருக்கு 6 பைசா முதல் அபராதம் செலுத்துமாறு சென்னை உயர் நீதிமன்றம் 2006இல் விதித்தது. ஆயினும் கழிவு நிற்கவில்லை. 2011இல் சாயப்பட்டறைகளை மூடவே ஆணையிட நேர்ந்தது.

சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்திலிருந்த சிறைத் தண்டனைக்குப் பதிலாக, 2024 ஏப்ரல் முதல் 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் ரூபாய் வரை தண்டத்தொகை வந்துள்ளது. சுத்திகரிப்புச் செலவினும் தண்டம் குறையுமாயின், அது ஆற்றைக் கெடுப்பதற்குப் பெற்ற அனுமதிச் சீட்டாகிவிடும். ஆதலின் தண்டம் அச்செலவை விஞ்சவேண்டும்; வசூலாகும் பணம் பாழ்பட்ட வயல்களைச் சேரவேண்டும் என்று கருதுகிறோம். நூலுக்குச் சாயமிடும் நம் சங்கங்களும் இதற்கு விலக்கல்ல என்பதை அங்கத்தினர்கள் மறவாதிருப்பார்களாக.