பூட்டு கொடுத்தாச்சு... பூட்டினாங்களா? அமெரிக்கப் பெற்றோருக்கு ஏன் துப்பாக்கிப் பாடம்?

அமெரிக்காவில் உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்கினால், கூடவே ஒரு பூட்டோ பாதுகாப்புப் பெட்டியோ கொடுக்கவேண்டும். 2005இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் அப்படிச் சொல்கிறது.

ஆனால் வீட்டுக்குப் போனதும் அந்தப் பூட்டைக் கட்டாயம் போடவேண்டும் என்று நாடு முழுதும் செல்லும் சட்டம் இல்லை!

பதின்ம வயதுப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இந்த இடைவெளி உயிரைப் பறிக்கலாம்.

பெற்றோரே சிறைக்குப் போனது ஏன்?

2021 நவம்பர் 30. மிச்சிகன் மாநிலத்தின் ஆக்ஸ்ஃபோர்டு உயர்நிலைப் பள்ளியில் 15 வயது மாணவன் சுட்டதில் 4 மாணவர்கள் மாண்டனர். அந்தத் துப்பாக்கியை அவனுடைய அப்பா வாங்கி 4 நாள்தான் ஆகியிருந்தது.

அதோடு வந்த கேபிள் பூட்டு, பொட்டலத்தைவிட்டு வெளியே எடுக்கப்படவே இல்லை என்று நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது.

2024இல் பெற்றோர் ஜெனிஃபர் கிரம்ப்ளி, ஜேம்ஸ் கிரம்ப்ளி இருவருக்கும் தலா 10 முதல் 15 ஆண்டுவரை சிறை. பிள்ளை பள்ளியில் நடத்திய துப்பாக்கிச்சூட்டுக்காகப் பெற்றோர்மீது மரணம் விளைவித்த குற்றம் நிரூபிக்கப்பட்டது அமெரிக்காவில் அதுவே முதல்முறை.

அதே ஆண்டு பிப்ரவரியில் மிச்சிகனில் புதிய சட்டம் நடப்புக்கு வந்தது. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் துப்பாக்கியைப் பூட்டித்தான் வைக்கவேண்டும்.

பள்ளித் துப்பாக்கிச்சூடு மட்டும்தான் பிரச்சினையா?

இல்லை. அவை தலைப்புச் செய்தியாகின்றன. வீட்டுக்குள் நடப்பவை பெரும்பாலும் வெளியே தெரிவதில்லை.

2020இலிருந்து அமெரிக்காவில் 1 முதல் 19 வயதுக்குட்பட்டோர் அதிகம் மாண்டுபோவது துப்பாக்கியால்தான். அவற்றில் கணிசமானவை தற்கொலைகள்.

மனநெருக்கடி உச்சத்தில் இருக்கும் நேரம் பலருக்கும் குறுகியது. சில நிமிடம், சில மணிநேரம்... அது கடந்துவிட்டால் உதவி தேட வாய்ப்பு உண்டு. கையெட்டும் தூரத்தில் துப்பாக்கி இருந்தால் அந்த வாய்ப்பே இல்லாமல் போகலாம். பூட்டு வாங்கித் தருவது அந்த நேரத்தைத்தான்.

பெற்றோருக்கு என்ன சொல்லித் தருகிறார்கள்?

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் முதல் ஆலோசனை: வீட்டில் துப்பாக்கியே இல்லாமலிருப்பது ஆகப் பாதுகாப்பு. இருந்தால்...

- தோட்டாவை எடுத்துவிட்டுப் பூட்டிவைக்கவேண்டும்.
- தோட்டாக்களைத் தனியே இன்னொரு இடத்தில் பூட்டவேண்டும்.
- சாவியும் ரகசிய எண்ணும் பிள்ளைகளுக்குக் கிடைக்கக்கூடாது. பிறந்தநாளை ரகசிய எண்ணாக வைத்தால் அது ரகசியமா என்ன?
- பிள்ளை மனமுடைந்திருந்தால் துப்பாக்கியைத் தற்காலிகமாக வீட்டைவிட்டே அகற்றுவது நல்லது.
- பிள்ளை நண்பர் வீட்டுக்குப் போகுமுன், "உங்க வீட்டில் துப்பாக்கி இருக்கா? பூட்டியிருக்கா?" என்று அந்தப் பெற்றோரிடம் கேட்கலாம். உணவு ஒவ்வாமை பற்றிச் சொல்லிவைப்பதைப் போலத்தான் இதுவும்.

அப்புறம் ஏன் பூட்டுவதில்லை?

"திருடன் வந்தால் பூட்டைத் திறந்துகிட்டா இருப்பேன்?" என்பது பலரின் கேள்வி. தற்காப்புக்காகவே துப்பாக்கி வாங்குவோர் அங்கு அதிகம். விரல்ரேகை வைத்தால் சில விநாடியில் திறக்கும் பெட்டிகளைப் பயிற்றுநர்கள் பரிந்துரைப்பது அதனால்தான்.

இன்னொரு காரணம், "என் பிள்ளைக்கு அது எங்கே இருக்குன்னே தெரியாது" என்ற நம்பிக்கை.

2021இல் வெளிவந்த ஓர் ஆய்வில் பெற்றோரிடமும் பிள்ளைகளிடமும் தனித்தனியே கேட்டார்கள். 'பிள்ளையால் எடுக்கமுடியாது' என்ற பெற்றோரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோரின் பிள்ளைகள், 'எங்களால் முடியும்' என்றார்கள்!

அலமாரியின் மேல்தட்டு, மெத்தைக்கு அடியில், அம்மாவின் கைப்பை... 15 வயதுப் பிள்ளைக்குத் தெரியாத இடமா அதெல்லாம்? ஒளித்துவைப்பது வேறு, பூட்டிவைப்பது வேறு.

துப்பாக்கியை எதிர்ப்பவர்கள்தான் இதைச் சொல்கிறார்களா?

அதுவும் இல்லை. துப்பாக்கித் துறையின் வர்த்தகச் சங்கமே இலவசப் பூட்டுகளை விநியோகிக்கிறது. துப்பாக்கி உரிமை பற்றி அமெரிக்கர்கள் சண்டைபோடாத நாளில்லை. பூட்டு விஷயத்தில் மட்டும் இரு தரப்பும் ஓரளவு ஒத்துப்போகின்றன.

பூட்டினால் எல்லாம் சரியாகிவிடாது. தெருவில் புழங்கும் சட்டவிரோதத் துப்பாக்கிகளை அது தடுக்காது. ஆனால் சொந்த வீட்டில் இருக்கும் துப்பாக்கி, சொந்தப் பிள்ளையின் கைக்குப் போகாமல் தடுக்கலாம்.

நமக்கு என்ன?

சிங்கப்பூரில் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதே கடுங்குற்றம். அதனால் இந்தப் பேச்சு நம் வீடுகளில் எழுவதில்லை. ஆனால் மேற்படிப்புக்கோ மாணவர் பரிமாற்றத் திட்டத்திலோ அமெரிக்கா செல்வோர், அங்கே ஒரு குடும்பத்தோடு தங்குவதாக இருந்தால், வைஃபை கடவுச்சொல்லைக் கேட்கும்போது இதையும் கேட்டுவிடுங்கள். தயக்கமே வேண்டாம். அங்கு அது மரியாதைக் குறைவான கேள்வி அல்ல.

மனம் பாரமாக இருந்தால் பேசுங்கள். சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கத்தை 1767 என்ற எண்ணில் 24 மணிநேரமும் அழைக்கலாம்.