ஜெயிச்சவர் ஒருத்தர், தோற்றவங்க?

சீட்டாட்டப் பேச்சு வந்தாலே என் கொழுந்தனார், அமெரிக்காவின் கிறிஸ் மணிமேக்கர் கதையை ஆரம்பித்து விடுவார். கணக்கு எழுதும் வேலையில் இருந்தவர், 2003-ல் லாஸ் வேகாஸ் போக்கர் போட்டியில், பழம் தின்று கொட்டை போட்ட ஆட்டக்காரர்களைத் தோற்கடித்து 25 லட்சம் டாலர் வாங்கினாராம்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால், அதில் ஆடியவர்கள் 839 பேர். பரிசு கிடைத்ததோ 63 பேருக்கு. மீதி 776 பேர் வெறுங்கையோடு போனாங்களே, அவங்க கதையை யார் சொல்றாங்க? ஜெயிச்சவரைப் பார்த்து, 2004-ல் 2,576 பேர் வந்து குவிந்தார்கள்!

ஆட்டத்துக்குத் திறமை வேணும், ஒத்துக்கறேன். ஆனால், பரிசுப் பணம் ஆட வந்தவங்க கட்டின பணம்தானே?

சகோதரிகளே, வீட்டில் இந்தக் கதை வந்தால், தோற்றவங்க எத்தனை பேர்னு கேளுங்க. மளிகைக்கும் ஸ்கூல் பீஸுக்கும் வெச்ச பணம் பந்தயத்துக்கு இல்லே!

- ஒரு வாசகி, மதுரை.