பிள்ளையைத் தேடிச் செவிலியர் வர வேண்டும்: சுங்குவார்சத்திரம் கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறை, பள்ளிக்கல்வித் துறை, தொழிலாளர் நலத் துறை, காஞ்சிபுரம் மாவட்ட நிர்வாகம், ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத் தொழிற்சாலை நிர்வாகங்கள்.

அனுப்புவோர்: இவ்வட்டாரத்தில் குழந்தைகள், வளரிளம் பருவத்தினரின் மனநலத்துக்காக வேலை செய்யும் செவிலியர்கள், அவர்களோடு நிற்கும் பெற்றோர், ஆசிரியர்கள், தொழிலாளர்கள்.

முகவுரை

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில், வாலாஜாபாத் சாலையும் திருவள்ளூர் சாலையும் வந்து கூடும் இடம் சுங்குவார்சத்திரம். ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த ஊர்களிலிருந்து இன்று காரும் கைபேசியும் தொலைக்காட்சியும் உலகெங்கும் போகின்றன. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் நோயுற்ற தோழிகளுக்காகப் பெண் தொழிலாளர்கள் மறித்தது இந்த நெடுஞ்சாலையைத்தான். 2024-ல் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்ததும் இந்த ஊரில்தான். தொழிலாளியின் சம்பளம், சாப்பாடு, சங்கம் பற்றியெல்லாம் நாடு பேசியது. அந்தத் தொழிலாளியின் வீட்டில் வளரும் பிள்ளையின் மனதைப் பற்றி இன்னும் பேசவில்லை. அதைப் பேச வைக்கவே இந்தச் சாசனம்.

நாங்கள் அன்றாடம் பார்ப்பது

அம்மாவுக்குக் காலை ஷிஃப்ட். விடியுமுன்பே கம்பெனி பஸ்ஸுக்குப் போய்விடுகிறார். அப்பா இரவு ஷிஃப்ட் முடித்து வந்து, லைன் வீட்டின் ஒரே அறையில் படுத்திருக்கிறார். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பெண் பிள்ளை சத்தம் வராமல் சோறு வடித்து, தம்பிக்குத் தலை சீவி, அவனைப் பள்ளிக்குக் கூட்டிப் போகிறாள். திங்கட்கிழமை தோறும் அவளுக்கு வயிற்றுவலி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை கொடுக்கிறார்கள். ஸ்கேனில் ஒன்றும் இல்லை. “பள்ளிக்கூடம் போகாமல் இருக்க நடிக்கிறாள்” என்று முடிவாகிவிடுகிறது.

எங்கள் வேலை அந்த வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து தொடங்குகிறது. படிப்பைப் பற்றி முதலில் கேட்பதில்லை. “ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கின? நேத்து யார்கூட உட்கார்ந்து சாப்பிட்ட?” என்று கேட்கிறோம். முதல் நாள் பதில் வராது. இரண்டாம் முறையும் வராமல் போகலாம். மறுபடியும் போகும்போது, “அக்கா, ஒண்ணு சொன்னா அம்மாகிட்ட சொல்லமாட்டீங்களே?” என்று ஆரம்பிப்பாள். அந்த ஒரு கேள்வி வரும்வரை காத்திருப்பதற்குத்தான் சமூக மனநலச் செவிலியர் வேண்டும். அவள் தானாக மனநல மருத்துவரைத் தேடி மாவட்டத் தலைநகருக்குப் போகமாட்டாள். மனநலக் காப்பகத்தை மனதில் வைத்து, “கீழ்ப்பாக்கம் கூட்டிப் போகணும்” என்று யாராவது சொன்னால் அவளுடைய பெற்றோரே நடுங்கிப்போவார்கள்.

இது ஒரு வீட்டுக் கதையன்று. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து, வகுப்பில் நடத்தும் பாடமே புரியாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தென் மாவட்டங்களிலிருந்து வந்து விடுதியில் தங்கி, பதினெட்டு பத்தொன்பது வயதில் குடும்பக் கடனைச் சுமக்கும் பெண்கள் இருக்கிறார்கள். பரந்தூர் விமான நிலையத் திட்டத்தால் 2022 முதல் வீடும் நிலமும் என்னாகுமோ என்ற பேச்சைக் கேட்டே வளரும் ஏகனாபுரத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

ஆய்வும் சட்டமும் சொல்வது

2015–16 தேசிய மனநல ஆய்வின்படி, 13 முதல் 17 வயதுக்கு உட்பட்டவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு மனநலப் பாதிப்பு உண்டு. இதே நெடுஞ்சாலையில் மேற்கே இருக்கிறது வேலூர். அதன் கணியம்பாடி வட்டாரத்தில் 1992 முதல் 2001 வரை நடந்த மரணங்களை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் ஆராய்ந்தார்கள். 10 முதல் 19 வயதுப் பெண்களில் ஆண்டுக்கு லட்சத்துக்கு 148 பேரும், ஆண்களில் 58 பேரும் தற்கொலையால் இறந்திருந்ததை 2004-ல் வெளியிட்டார்கள். வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணியாளர்கள் அங்கே இருந்ததால்தான் அந்தச் சாவுகள் கணக்குக்கே வந்தன.

வழியும் தெரியாததன்று. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்களிடம் ஒரு மணி நேரம் பேசி, பின்பு 18 மாதங்கள்வரை தொலைபேசியிலோ நேரிலோ ஒன்பது முறை விசாரித்தால் என்ன ஆகும் என்று உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உள்ளிட்ட ஐந்து இடங்களில் 1,867 பேரிடம் ஆராய்ந்தது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 சதவீதம் பேர் பின்னர் தற்கொலையால் இறந்தார்கள். தொடர்ந்து விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதம். 2008-ல் வெளியான முடிவு இது. உயிரைக் காத்தது, “எப்படி இருக்கீங்க?” என்று விடாமல் கேட்ட ஆள்.

2018-ல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, மனநலச் சேவையைப் பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாக்கியது. குழந்தைகளுக்கான மனநலச் சேவையை 18-வது பிரிவு பெயர் சொல்லியே கேட்கிறது. மக்கள்தொகைக்கு ஏற்ற மனநலப் பணியாளர் எண்ணிக்கையைப் பத்து ஆண்டுகளுக்குள் எட்ட அரசு முயல வேண்டும் என்கிறது 31-வது பிரிவு. அந்தப் பத்து ஆண்டு 2028-ல் முடிகிறது. இன்றைய எல்லைப்படி பார்த்தால், 2011 கணக்கிலேயே காஞ்சிபுரம் மாவட்ட மக்கள்தொகை 11 லட்சத்துக்கும் மேல். இத்தனை பேருக்கும் சேர்த்து இருப்பது மாவட்ட மனநலத் திட்டத்தின் ஒரு குழு. பெரியவர்களையே பார்த்து முடிக்க முடியாத அந்தக் குழுவிடம் பிள்ளைகளைத் தனியாகத் தேடிப் போகச் சொல்வது நியாயமன்று.

எங்கள் கோரிக்கைகள்

1. நிரந்தரப் பணியிடம். குழந்தைகள், வளரிளம் பருவத்தினருக்கென்றே சமூக மனநலச் செவிலியர் பணியிடத்தை உருவாக்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூர், குன்றத்தூர், வாலாஜாபாத் ஒன்றியங்களில் ஒன்றியத்துக்கு இருவரை முதலில் நியமித்து, பின்பு மாவட்டத்தின் மற்ற ஒன்றியங்களுக்கும் விரிவாக்க வேண்டும். 2015-ல் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் எடுக்கப்பட்ட செவிலியர்கள் பணி நிரந்தரத்துக்காகத் தெருவில் இறங்க வேண்டிவந்தது. அந்த நிலை இந்தப் பணிக்கு வரக்கூடாது. காலமுறை ஊதியம் முதல் நாளிலிருந்தே வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முகம் மாறினால் எந்தப் பிள்ளையும் வாய் திறக்காது.

2. பயிற்சி. பணியில் சேருமுன் குழந்தை மனநலத்தில் முறையான பயிற்சி வேண்டும். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம், கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம், எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை ஆகியவற்றில் நேரடிப் பயிற்சிக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். இந்தியும் ஒடியாவும் பேசும் மொழி உதவியாளர்களை வட்டாரத்தில் அமர்த்த வேண்டும். பெற்றோருக்காகப் பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்கக்கூடாது.

3. ஷிஃப்டுக்கு ஏற்ற நேரம். மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிள்ளைகளுக்கான நேரம் ஒதுக்க வேண்டும். வாசலில் ‘மனநலப் பிரிவு’ என்ற பலகை வேண்டாம். மற்ற பிள்ளைகள் காய்ச்சலுக்கு வரும் அதே கதவு போதும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 முதல் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடிப் போகிறது. அதன் தன்னார்வலர்கள் பிள்ளைகளின் மனச்சிக்கலையும் அடையாளம் கண்டு எங்களிடம் சொல்ல வழி செய்ய வேண்டும்.

4. கேட்க நேரம். ஒரு செவிலியர் எத்தனை பிள்ளைகளைத் தொடர்ந்து பார்க்கலாம் என்பதற்கு உச்சவரம்பு வேண்டும். முதல் சந்திப்புக்கு ஒரு மணி நேரமாவது கிடைக்க வேண்டும். வார்டு பணி, முகாம் பணி, கணினிப் பதிவு என்று எங்களை இழுக்கக்கூடாது. எத்தனை தலைகளைப் பார்த்தோம் என்று எண்ணுவதை விட்டு, எத்தனை பிள்ளைகளைக் கைவிடாமல் தொடர்ந்தோம் என்று கணக்குக் கேளுங்கள்.

5. தற்கொலை முயற்சிக்குப் பின் தொடர்ச்சி. முயன்று பிழைத்த பிள்ளை மருத்துவமனையை விட்டு வீடு திரும்பும் அன்றே வட்டாரச் செவிலியருக்குத் தகவல் வர வேண்டும். 48 மணி நேரத்துக்குள் அவர் வீட்டுக்குப் போக வேண்டும். 18 மாதங்கள் தொடர வேண்டும். முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், அவருக்குப் பராமரிப்பும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்று மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-வது பிரிவு சொல்கிறது. 14416, 104, 1098 உதவி எண்களை அழைக்கும் பிள்ளைக்குத் தொலைபேசி ஆறுதலோடு நிற்காமல், பிள்ளை சம்மதித்தால் நேரில் வரும் ஆளும் கிடைக்க வேண்டும்.

6. பள்ளிகள். நூறோ அதற்கு மேலோ மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்களில் குழந்தை மனநலப் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் வழிகாட்டியது. இவ்வட்டாரத்தின் அரசுப் பள்ளி, தனியார் பள்ளி, ஐ.டி.ஐ. அனைத்திலும் அதை நிறைவேற்ற வேண்டும். சிறிய பள்ளிகளை வட்டாரச் செவிலியரோடு இணைக்க வேண்டும். தேர்வு முடிவு வரும் வாரத்தில் நாங்கள் வேறெங்கும் அனுப்பப்படாமல் இங்கேயே இருக்க வேண்டும்.

7. ரகசியம். பிள்ளை எங்களிடம் சொன்னது தலைமையாசிரியரின் மேசைக்கோ வாட்ஸ்அப் குழுவுக்கோ போகக்கூடாது. பதிவேடுகளுக்குப் பூட்டு வேண்டும். பேசத் தனி அறை வேண்டும். பாலியல் குற்றம் தெரியவந்தால் போக்சோ சட்டப்படி நாங்கள் புகார் செய்தே ஆக வேண்டும். அதை முதலிலேயே பிள்ளைக்குச் சொல்லிவிடுவோம். ஆனால் காவல் நிலையத்தில் செவிலியர் தனியாக நிற்கும் நிலை கூடாது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு உடன் வர வேண்டும்.

8. தொழிற்சாலைகளின் பொறுப்பு. பிள்ளையை மனநலச் சிகிச்சைக்குக் கூட்டிப் போகும் நாளுக்குச் சம்பளத்துடன் விடுப்பு வேண்டும், வருகைப்படியும் வெட்டப்படக்கூடாது. ஒப்பந்தத் தொழிலாளிக்கும் பயிற்சித் தொழிலாளிக்கும் இது பொருந்த வேண்டும். ஈ.எஸ்.ஐ. மருந்தகங்களில் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு மனநலச் சேவை வேண்டும். வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அது போன்ற விடுதிகளுக்குள் செவிலியர் போய்வர அனுமதி வேண்டும். அங்கே செவிலியர் கேட்டறிந்த எதையும் மனிதவளப் பிரிவு அவரிடம் கேட்டு வாங்கக்கூடாது. நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியில் ஒரு பங்கை மாவட்ட சுகாதாரச் சங்கத்தின் வழியாக இந்தப் பணிக்குத் தர வேண்டும்.

9. மருந்தும் படுக்கையும். பிள்ளைகளுக்கான மனநல, வலிப்பு மருந்துகள் வட்டார மருத்துவமனைகளில் தடையின்றிக் கிடைக்க வேண்டும். 18 வயதுக்குட்பட்டவரைப் பெரியவர்களோடு சேர்த்து அனுமதிக்கக்கூடாது என்று மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. காஞ்சிபுரம் அரசு மருத்துவமனையில் அவர்களுக்கெனத் தனிப் படுக்கைகளும், துணைக்கு இருக்கும் தாய்க்கு இடமும் வேண்டும். ஆதார், ரேஷன் அட்டை இல்லை என்று எந்தப் புலம்பெயர் பிள்ளையையும் திருப்பி அனுப்பக்கூடாது.

10. செவிலியரின் பாதுகாப்பு. கன்டெய்னர் லாரிகள் ஓடும் சாலையில் இருட்டிய பிறகும் வீடு வீடாகப் போகிறோம். பயணப்படியும், அலுவலகக் கைபேசியும், இருவராகப் போகும் ஏற்பாடும் வேண்டும். மாதம் ஒரு முறை மூத்த மனநல நிபுணரோடு நாங்கள் பார்க்கும் பிள்ளைகளைப் பற்றிக் கலந்து பேச வாய்ப்பு வேண்டும். நாங்கள் பார்த்துவந்த ஒரு பிள்ளை இறந்துபோனால், விசாரணைக் கடிதம் வருமுன் எங்களுக்கு ஆறுதல் சொல்ல ஒரு மனிதர் வர வேண்டும்.

11. வெளிப்படையான கணக்கு. எத்தனை பணியிடங்கள் நிரம்பின, எத்தனை காலி, எந்த மருந்து இல்லை என்பதை அரையாண்டுக்கு ஒருமுறை கிராம சபையில் படிக்க வேண்டும். கண்காணிப்புக் குழுவில் பெற்றோரோடு 15 வயதுக்கு மேற்பட்ட மாணவர், மாணவியர் இருவராவது இடம்பெற வேண்டும்.

எங்கள் உறுதி

கோவிலில் கயிறு கட்டினாலும் தர்காவில் மந்திரித்தாலும் அந்தப் பெற்றோரை ஏளனம் செய்யமாட்டோம். கயிறோடு மருந்தும் சேரட்டும் என்று பேசி அழைத்துவருவோம். எந்தப் பிள்ளைக்கும் ‘பைத்தியம்’ என்ற முத்திரை விழ விடமாட்டோம். சாதி, மொழி, மாநிலம் பார்க்கமாட்டோம். பிள்ளை பேசத் தயாராகும்வரை காத்திருப்போம்.

இந்தச் சாசனத்தை மொளச்சூர், சந்தவேலூர், மாம்பாக்கம், வல்லம் எனச் சுற்றியுள்ள ஊர்களின் கிராம சபைகளில் தீர்மானமாக முன்வைப்போம். முதல் கோரிக்கைக்கான அரசாணையை இந்த நிதியாண்டுக்குள் வெளியிடுங்கள். மற்றவற்றுக்கு நாள் குறித்து எழுத்தில் தாருங்கள். சட்டம் அரசுக்குத் தந்த கெடு 2028. அதற்கு மேல் ஒரு நாளும் எங்கள் பிள்ளைகளைக் காத்திருக்கச் சொல்ல எங்களால் முடியாது.

இப்படிக்கு,
சுங்குவார்சத்திரம் வட்டாரச் சமூக மனநலச் செவிலியர்கள், பெற்றோர், ஆசிரியர்கள், தொழிலாளர்கள்.