ஓடை கலங்கினால் மேட்டைப் பார்!

தோட்டத்து ஓடை கலங்கி வந்தால் மழையின் மீது பழி போடுவது பழைய வழக்கம். மழை என்றும் பெய்துதான் வருகிறது. மேட்டு நிலத்தை நாம் என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்தே பள்ளத்து நீர் தெளிவதும் கலங்குவதும்.

கிந்தா பள்ளத்தாக்கே இதற்குச் சாட்சி. ஈய லம்பங்களில் மண்ணைத் தண்ணீர் பீய்ச்சிக் கரைத்தார்கள். அந்த மணலும் சேறும் ஆற்றை மேடாக்கி வெள்ளத்துக்கு வழிவிட்டன. ரப்பர்த் தோட்டங்களிலோ, ஆரம்ப காலத்தில், புல் பூண்டின்றி மண்ணைச் சுரண்டி வைப்பதே சுத்தம் எனப்பட்டது. மேல்மண் ஓடையோடு போன பிறகே மூடுபயிர் வளர்க்கும் புத்தி வந்தது. இன்று ரப்பரை அழித்துச் செம்பனை நடுகையில், ஆற்றங்கரை வரை வழித்தெடுத்தால் அதே கதைதான் திரும்பும்.

அடுத்தது ஆலைக் கழிவு. பால் உறைந்தபின் மிஞ்சும் அமிலத் தண்ணீரோ, செம்பனை ஆலைக் கழிவோ சுத்திகரிக்கப்படாமல் ஓடையில் விழுந்தால், அதை மக்கச் செய்யும் கிருமிகள் நீரிலுள்ள பிராணவாயுவைத் தின்றுவிடும். மீன் மூச்சுத் திணறிச் சாகும். நாற்றம் லயத்தைச் சூழும்.

"தண்ணீரைப் பற்றிப் பேசினால் ஆலை மூடப்படும், பிழைப்புப் போகும்" என்று மிரட்டுவோருக்குச் சரித்திரமே பதில் சொல்கிறது. 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ், 1977-இல் செம்பனை ஆலைகளுக்கும் 1978-இல் ரப்பர் ஆலைகளுக்கும் விதிகள் வந்தன. செம்பனைக் கழிவுநீர் எவ்வளவு பிராணவாயுவை உறிஞ்சலாம் என்பதற்கு முதலில் லிட்டருக்கு 5000 மில்லிகிராம் என்றிருந்த வரம்பு, 1984-க்குள் 100 ஆகக் குறைக்கப்பட்டது. தொழில் அழிந்ததா? 1975-இல் சுமார் 12½ லட்சம் டன்னாக இருந்த நாட்டின் செம்பனை எண்ணெய் உற்பத்தி, 1985-இல் 41 லட்சம் டன்னைத் தாண்டியது!

தோட்டக் குடியிருப்புக்குப் போதுமான குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தருவது முதலாளியின் கடமை என்கிறது 1990ஆம் ஆண்டுச் சட்டம். அது நமது உரிமை, விட்டுக்கொடோம். ஆனால் குழாய் வந்துவிட்டது என்று ஓடையைக் கைகழுவிவிட முடியாது. குழாய்க்கும் ஏதோ ஓர் ஆறுதானே தாய்?

ஆகவே, மறுநடவின்போது ஆற்றங்கரையில் மரங்களை விட்டு வைக்க வேண்டும். கழிவுக் குளங்கள் நிரம்பி வழியாமல் பார்க்க வேண்டும். நீர்ப் பரிசோதனை முடிவுகளைத் தொழிலாளர் அறியச் செய்ய வேண்டும். இவையே நமது கோரிக்கைகள்.

தோழர்களே! ஓடை நிறம் மாறினால் பால்வெட்டுக்குப் போகும் நீங்களே முதலில் காண்பீர்கள். தேதி, நேரம், இடம், நிறம், நாற்றம் ஆகியவற்றைக் கிராணிமாரிடம் சொல்லுங்கள். கிராணிமாரே, அதை எழுத்தில் வடியுங்கள். ஆலைக் கழிவுக்குச் சுற்றுச்சூழல் இலாகாவும், நிலத்துக்கும் ஆற்றுக்கும் மாநில அரசும் பொறுப்பு. இரண்டு கதவையும் சங்கத்தின் வழியாகத் தட்டுவோம். வாய்ப்பேச்சைக் காற்று கொண்டுபோகும். எழுதிய புகாருக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.